சத்தம் எப்போது வருகிறது?

"அண்ணே, முன்னாடி எங்கியோ சத்தம் வருதுண்ணே."

மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தியதும் சொல்வது பெரும்பாலும் இதுதான். தொழில் தெரிந்த மெக்கானிக் "எந்தப் பக்கம்?" என்று திருப்பிக் கேட்க மாட்டார். "எப்பத் தம்பி வருது? ஒடிக்கும்போதா, பள்ளத்துல எறங்கும்போதா, ஆக்சிலேட்டர் குடுக்கும்போதா, விடும்போதா?" என்று கேட்பார். ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன்பக்கப் பழுதைக் கண்டுபிடிக்கும் கலை முழுக்க இந்த 'எப்ப'வில் இருக்கிறது.

'எங்கே' என்பதைக் காதால் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. வண்டியின் அடியில் விநாடிக்கு 60 அதிர்வுள்ள முனகல் ஒன்று கிளம்பினால், காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். ஜீப்பே அவ்வளவு நீளம் இல்லை. அடைத்த கேபினுக்குள் அப்படிப்பட்ட அலையின் திசையைப் பிடிப்பது காதுக்கு மிகவும் சிரமம். போதாக்குறைக்கு, காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி இரும்பில் 5,000 மீட்டருக்குக் குறையாமல் பாய்கிறது. வலது சக்கரத்தில் பிறந்த சத்தம் ஹவுசிங் வழியாகக் கமான் பட்டைக்கு ஏறி, சேசிஸைப் பிடித்து, ஓட்டுநரின் காலடித் தகட்டை அதிரவைக்கும். கியர் பாக்ஸில்தான் கோளாறு என்று அவர் சத்தியம் செய்வார்.

சாதாரண லாரியின் முன்சக்கரத்துக்கு உருளவும் திரும்பவும் தெரிந்தால் போதும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அதே சக்கரம் எஞ்சினின் இழுவையையும் வாங்க வேண்டும். திரும்பிய நிலையிலும் வாங்க வேண்டும். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து பூட்டிக் கொடுத்த வில்லிஸ் வழி ஜீப்புகளிலும், 1985இல் வந்த மாருதி ஜிப்சியிலும் முன்னால் இருப்பது ஒரே முழு அச்சு. நடுவில் கிரவுன் பினியன், இருபுறமும் ஆக்சில் ஷாஃப்ட், முனையில் திரும்பும் நக்கிள், அதற்குள் ஒரு ஜாயின்ட், அதற்கு வெளியே ஹப்பும் இரண்டு பேரிங்கும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் குழியுமாக ஏறும் ஜீப்புகளில் இத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எதிலும் தேய்மானம் வரலாம். ஆனால் ஒவ்வொன்றும் சுற்றும் வேகம் வேறு, பாரம் ஏறும் நேரம் வேறு. துப்புத் துலக்க அதுவே பிடி.

முதலில் எண்ணிப் பார்ப்பது. ஜீப் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் சக்கரம் விநாடிக்கு 1.2 முறை சுற்றும். கிரவுன் பினியன் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால் பிரப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் ஐந்து முறை சுற்றிவிடும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வண்டியை மெதுவாக உருட்டி, 'டக்' 'டக்' என்பதை எண்ணினால் போதும். விநாடிக்கு ஒன்றிரண்டு என்றால் டயர், ஹப், நக்கிளுக்குள் இருக்கும் ஜாயின்ட் இவற்றில் ஒன்று. ஐந்து, பத்து என்றால் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் அந்தப் பிரப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் அல்லது பினியன் பக்கம். வேகம் கூடும்போது சத்தமும் அதே விகிதத்தில் விரைவது உறுதியானால் சுற்றும் பொருள். வேகத்தோடு சம்பந்தமில்லாமல் குழியில் விழும்போது மட்டும் 'தடக்' என்றால் புஷ், ஷாக் அப்சார்பர், ஷாக்கிள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லிவர் கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பினால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது சோதனைதான் எனக்குப் பிடித்தது. அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இவ்வகை வண்டிகள் பலவற்றின் முன்சக்கரத்தில் கையால் திருகும் ஃப்ரீவீல் ஹப் இருக்கும். அதை 'ஃப்ரீ'யில் விட்டு, டூ வீல் டிரைவில் ஓட்டினால் முன்னால் சுற்றுவது டயர், ஹப், ஹப் பேரிங், பிரேக் டிரம் அல்லது டிஸ்க் மட்டுமே. உள்ளே ஆக்சில் ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும். இப்போதே சத்தம் வந்தால் தேடவேண்டிய இடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. சத்தம் இல்லையா, இறங்கி ஹப்பை 'லாக்'கில் போட்டு அதே சாலையில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். இப்போது ஷாஃப்ட், நக்கிள் ஜாயின்ட், முன் டிஃபரென்ஷியல், முன் பிரப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சுற்றும். ஆனால் சுமை ஏதும் சுமக்காமல் சும்மா சுற்றும். புதிதாக ஒரு முனகலோ கீச்சொலியோ சேர்ந்தால் அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. மூன்றாவதாக, மண் தரையில் ஃபோர் வீல் ராடைப் போட்டு இழுக்க வைத்தால் அதே உறுப்புகளின் மேல் பாரம் ஏறுகிறது. அப்போதுதான் வரும் சத்தம் கிரவுன் பினியன் பல் பிடிப்பிலோ, தளர்ந்த ஜாயின்ட்டிலோ இருக்கும். ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போது பல்லின் ஒரு முகமும், விடும்போது மறு முகமும் பாரம் தாங்குகின்றன. கொடுத்தால் ஊளை, விட்டால் அமைதி என்றால் எந்த முகம் தேய்ந்திருக்கிறது என்பதுவரை வெளியிலிருந்தே சொல்லலாம். ஃப்ரீவீல் ஹப் இல்லாத வண்டியில் முன் பிரப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் அந்த ஷாஃப்ட்டை மட்டும் பிரித்தறியலாம்; ஆக்சில் ஷாஃப்ட்டும் டிஃபரென்ஷியலும் அப்போதும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நடைமுறையில் பலர் இந்த மூன்று ஓட்டத்தையும் செய்யாமல் நேரே பாகங்களை மாற்ற ஆரம்பிக்கிறார்கள். பேரிங் மாற்றியாயிற்று, போகவில்லை. கிராஸ் மாற்றியாயிற்று, போகவில்லை. கடைசியில் பார்த்தால் டயர். அலை அலையாகத் தேய்ந்த டயரின் முனகலும் ஹப் பேரிங்கின் முனகலும் கேட்க ஒன்றுபோலவே இருக்கும். பிரிக்க வழி உண்டு: தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு மாறும்போது குரல் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங். இன்னொன்று, அகலமான காலிச் சாலையில் வண்டியை லேசாக வலமும் இடமும் வளைத்து ஓட்டுவது. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது முனகல் உரத்தால் இடது பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பேரிங் ஏன் முனகுகிறது? ஜீப்பின் முன் ஹப்பில் இருப்பவை கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்குகள். ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழிவந்தவை. மேலிருந்து அழுத்தும் எடையையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் ஒருசேரத் தாங்கத்தான் அந்தக் கூம்பு. உருளை, வெளி வளையமான கப்பைத் தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு. அத்தனை எடையும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. இப்படித் தொடும் பரப்புகளில் ஏற்படும் அழுத்தத்தை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882இலேயே கணக்கிட்டுவிட்டார். வானொலி அலையைக் கண்டுபிடித்த அதே ஹெர்ட்ஸ்தான். அந்தக் கணக்கின் விசித்திரம் என்னவென்றால், உலோகத்தை வெட்டிப் பிளக்கப் பார்க்கும் விசை மேற்பரப்பைவிடச் சற்றுக் கீழே, ஆழத்தில்தான் உச்சமாக இருக்கிறது. ஆகவே கிரீஸும் சுத்தமும் சரியாக இருந்தாலும், கோடிக்கணக்கான சுற்றுகளுக்குப் பின் விரிசல் உள்ளேயிருந்து கிளம்பி மேலே வரும். ஒரு நாள் கப்பின் பளபளப்பான பாதையில் அரிசி அளவுக்கு ஒரு செதில் பெயர்ந்திருக்கும். ஒவ்வொரு உருளையும் அந்தக் குழியில் இடறி எழும். கப்பில் குழி என்றால் உருளைகளின் எண்ணிக்கை, சுற்றும் வேகம், 0.4 மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு எத்தனை இடறல் என்று தோராயமாகக் கிடைக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 7 சுற்று. உருளைகள் 18 இருந்தால் ஏறக்குறைய 50 இடறல். தனித்தனி இடறலாகக் கேட்க வேண்டியது அந்த வேகத்தில் ஒரே முனகலாக ஒட்டிக்கொள்கிறது.

சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெரியும் பால்ம்கிரேனும் வகுத்த சூத்திரம் ஒன்று பேரிங் உலகில் இன்றும் புழங்குகிறது. உருளை பேரிங்கின் ஆயுள், அதன் மேல் ஏறும் பாரத்தின் 10/3 அடுக்கில், அதாவது மூன்றேகாலுக்குச் சற்றுக் கூடுதலான அடுக்கில், குறைகிறது. பாரம் இரட்டித்தால் ஆயுள் பத்தில் ஒன்று. இறக்கத்தில் நெடுக பிரேக் பிடித்தபடி வரும்போது பாரம் முன்னச்சுக்கு நகர்கிறது. அதோடு ஆட்கள் நெருக்கி ஏறிய வண்டி என்றால் இந்தச் சூத்திரம் தன் வேலையைக் காட்டும். அழகுக்காக அகல வீலைப் போட்டு டயரை வெளியே தள்ளி நிறுத்துகிறவர்களும் கவனிக்க வேண்டும்: எடை இறங்கும் கோடு வெளிப் பேரிங் பக்கம் நகர்ந்து, இரண்டு பேரிங் பகிர வேண்டியதை ஒன்றின் தலையில் கட்டுகிறது.

பேரிங்கின் அடுத்த எதிரி தண்ணீர். ஓட்டத்தில் சூடேறிய ஹப் ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கும். ஹவுசிங்கின் மேல் சுண்டுவிரல் அளவில் ஒரு பிரீதர் உண்டு. இந்தச் சுருக்கத்துக்கு ஈடாகக் காற்றை உள்ளே விடத்தான் அது. சேறு அடைத்துக்கொண்டால் ஹவுசிங்கும் தண்ணீர் குடிக்கும். பிரீதரைத் துடைக்க ஒரு நிமிடம் போதும். எத்தனை பேர் துடைக்கிறார்கள் என்று கேட்டால் மெக்கானிக் சிரிப்பார்.

இனி நக்கிளுக்குள் இருக்கும் ஜாயின்ட். பழைய ஜீப்புகள் பலவற்றில் அது கிராஸ் வகை. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் விவரித்த அமைப்பு. ஒரு கோணத்தில் நிற்கும் இரண்டு தண்டுகளை இது இணைக்கும், ஆனால் வேகத்தைச் சீராகக் கடத்தாது. 30 டிகிரி திருப்பிய நிலையில், உள் தண்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளித் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 13 சதவீதம் பின்தங்கி, இரண்டு முறை 15 சதவீதம் முந்தும். ஃபோர் வீலில் போட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கையில் துடிப்பு தெரிவது இதனால்தான். அது அந்த வடிவத்தின் குணம், பழுதல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா 1920களில் ஆறு குண்டுகளை வைத்து இதற்குத் தீர்வு கண்டார். குண்டுகள் எப்போதும் இரண்டு தண்டுகளுக்கும் நடுவாகக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் நிற்பதால் வேகம் மாறாது. இரண்டாம் உலகப்போர் ஜீப்புகளில் அவருடைய ஜாயின்ட்டும் அதன் போட்டி வடிவங்களும் இருந்தன. இன்றைக்கு இசுசூ வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளின் முன் ஷாஃப்ட்டில் இருப்பது இந்தக் குண்டு வம்சம். ரப்பர் பூட் கிழிந்து மண் புகுந்தால் குண்டுகளின் பாதையில் பள்ளம் விழும். காலி மைதானத்தில் முழுக்க ஒடித்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் 'கட கட கட' என்று கேட்கும். கேட்க ஆரம்பித்துவிட்டால் கிரீஸ் அடைப்பதில் பயனில்லை, ஷாஃப்ட்தான் மாற்ற வேண்டும். கிழிசலைச் சத்தத்துக்கு முன்பே பார்த்துவிட்டால் புதுப் பூட்டோடும் கிரீஸோடும் வேலை முடிந்துவிடும்.

கிராஸ் வகையில் நோய்க்கூறு வேறு மாதிரி. வண்டி நேராகப் போகும்போது நக்கிள் ஜாயின்ட்டில் கோணமே இல்லை, கப்புக்குள் இருக்கும் ஊசி உருளைகள் அசைவதில்லை. திருப்பத்தில் மட்டுமே அசையும். ஆகவே காய்ந்துபோன கிராஸ் நேர்ச் சாலையில் வாயைத் திறக்காது. வளைவில் 'கீச் கீச்' என்று குருவி மாதிரி கத்தும். கழற்றிய கிராஸின் காலைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீப்பின் பல் பதிந்ததுபோல் வரிவரியாகப் பள்ளம் தட்டுப்படும். பக்கத்தில் செங்கல் நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டியிருக்கும். உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து அதிர்ந்து தம் அச்சைப் பதித்த தடம் அது. ஓடாத பொருள் தேயுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. டெட்ராய்டிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புத்தம் புதுக் கார்களின் பேரிங்குகள் போய்ச் சேரும்போதே பள்ளம் விழுந்து கிடந்தன; ஜெனரல் மோட்டார்ஸின் ஜே. ஓ. ஆல்மன் 1937இல் இதை ஆராய்ந்து எழுதினார். ரயிலின் குலுக்கலில் உருளைகளுக்கும் பாதைக்கும் இடையிலிருந்த மசகு பிதுங்கி வெளியேற, இரும்பும் இரும்பும் உராய்ந்த விளைவு. மாதக்கணக்கில் ஃபோர் வீலே போடாமல் ஹப்பை ஃப்ரீயில் விட்டு ஓட்டும் ஜீப்பிலும் இதுவே நடக்கலாம். மாதம் ஒருமுறை ஹப்பை லாக் செய்து சில கிலோமீட்டர் டூ வீலில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான். எண்ணெயும் கிரீஸும் ஒருமுறை கலங்கி எல்லா இடத்துக்கும் போகும்.

பழுதே இல்லாமல் வரும் சத்தம் ஒன்றும் உண்டு. தார்ச் சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஒடித்தால் வண்டி விக்கும், டயர் இழுபடும், 'டம்' என்று உள்ளே எதுவோ விடுபடும். இரண்டரை மீட்டர் அச்சிடைவெளி உள்ள ஜீப்பின் பின்சக்கரங்கள் 5 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் முன்சக்கரங்கள் 5.6 மீட்டர் ஆரத்தில் போகும். முன்னது 12 சதவீதம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆனால் நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியில் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. மண்ணில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும், தாரில் முடியாது. ராடை எடுத்துவிட்டால் சத்தமும் போய்விடும்.

ஓட்டிப் பார்த்தது போதும், இனி ஜாக்கி. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் குற்றவாளி ஹப் பேரிங்காகவும் இருக்கலாம், நக்கிளைத் தாங்கும் கிங்பின் பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்கும் தந்திரம் எளிது: உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஹப் நக்கிளோடு இறுகிவிடும். ஆட்டம் மறைந்தால் ஹப் பேரிங், மறையாமல் தொடர்ந்தால் கிங்பின். டயரின் இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராடு எண்ட். பிக்கப் வகை வண்டியில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட். அங்கே ஸ்பிரிங் கீழ்க் கையில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியையும் கீழ்க் கைக்கு அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். சேசிஸில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருக்கும் ஆட்டத்தை மறைத்துவிடும்.

கிங்பின் தளர்ச்சியைச் சத்தத்தோடு நிற்கும் விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. ஜிப்சிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு சிறு குழி, உடனே ஸ்டியரிங் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போவதுபோல் ஆட ஆரம்பிக்கும், வேகம் குறையும்வரை ஓயாது. குழி தாண்டிப் போன பிறகும் ஆட்டம் தொடர்வதற்குக் காரணம், அதற்கான சக்தியை வண்டியின் சொந்த ஓட்டமே ஊட்டுகிறது. ஒவ்வொரு முறை சக்கரம் பக்கவாட்டில் திரும்பும்போதும் டயர் சாலையில் உரசி அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளிவிடும். நக்கிளில் போதுமான உராய்வு இருந்தால் அந்தச் சக்தி அங்கேயே கரைந்துவிடும், தளர்ந்திருந்தால் பெருகும். பிரெஞ்சுப் பொறியாளர் புரூலியே 1925இலேயே இதன் மூலம் டயரின் பக்கவாட்டு நெளிவு என்று காட்டியிருக்கிறார். புது ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் தளர்ந்த கிங்பின் அப்படியே இருக்கும். டேம்பர் ஓய்ந்த அன்று அது இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

சரிசெய்வதில் முக்கால் பங்கு பொறுமை. கிங்பின் பேரிங்கைப் புதிதாகப் போட்ட பின், மேல் கேப்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய சிம் தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து இறுக்கத்தைக் கூட்ட வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, நக்கிளின் கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அது அசைகிறது என்று பார்த்து, அந்த வண்டியின் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். கைப்பழக்கத்தில் சரியாக வைக்கும் மூத்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. இருந்தாலும் தராசு ஒன்றும் விலை அதிகமில்லை.

ஹப் பேரிங்கில் உருளைகளோடு கூடிய உள் வளையமான கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விட்டுவைப்பது தவறு. பழைய பாதையின் குழி புது உருளையைச் சீக்கிரமே கெடுக்கும். புதுக் கப்பைப் பித்தளை பஞ்ச்சால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். எஃகு பஞ்ச் நழுவினால் புதுக் கப்பிலேயே வடு விழும். கிரீஸைக் கோனின் வெளியே பூசினால் போதாது, உள்ளங்கையில் வைத்து அகல வாயின் பக்கமாக அழுத்தி, உருளைகளின் இடுக்கில் மறுபுறம் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை நன்றாக இறுக்கினால் உருளைகள் சீராக உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்தி, கையேட்டு அளவுக்குத் திரும்ப லேசாக இறுக்கி, லாக் வாஷரின் காதை மடக்கி, வெளி நட்டைப் பூட்ட வேண்டும்.

பூட்டியதும் மெதுவாக 20 கிலோமீட்டர் ஓட்டி வரலாம். நிறுத்தப் போகும் கடைசி ஓரிரு கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் கியரில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிறுத்தி, இரண்டு ஹப்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் கையை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பக்க நட் இறுகியிருக்கிறது. ஆறவிட்டு, வாஷர் காதை நிமிர்த்தி, கொஞ்சம் தளர்த்திப் பூட்டிவிட்டு மறுபடி 20 கிலோமீட்டர்.